அழாத ஈயம்

துரைராஜின் ஷெட்டுக்குள் நுழைந்ததிலிருந்து சவுரிமுத்து மூச்சே விடவில்லை.

கன்னங்களை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, துப்பறியும் நிபுணர் ஆஃபியாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். முகம் மெல்ல மெல்லக் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆஃபியா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “சவுரி, இந்தக் காத்துல ஒண்ணும் இல்ல. டாக்டர் மெஷின் வச்சுப் பார்த்தாச்சு. மூச்சு விடு.”

புஸ்ஸென்று விட்டான். “இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்? எமன் ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணி கியரே போட்டுட்டான்!”

“நீ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல. கொஞ்ச நேரம் ரசிச்சேன்.”

சவுரிமுத்து ஒரு காலத்தில் பல்லாவரம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். திருடு போன ஆட்டோவை ஆஃபியா அரை நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நன்றிக் கடனாக உதவிக்கு வந்தவன், பேச இடம் கிடைத்தது என்று அப்படியே தங்கிவிட்டான். கீழ்க்கட்டளையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவர்கள் அலுவலகம். வருகிற வழக்கில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதுதான். பம்மலில் இப்படி ஒரு வழக்கு வரும் என்று இருவருமே நினைக்கவில்லை.

கட்சிக்காரர் துரைராஜ் எதிரே கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். பம்மலின் பழைய குடும்பம். அப்பா நெல் விளைவித்த நிலத்தில் இவர் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளிருந்த ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்த்து விற்றவர். அந்தப் புகையும் தூசியும் தெருவில் இறங்கி, குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. இரண்டு வருடத்துக்கு முன் ஊர் திரண்டு ஷெட்டை மூட வைத்தது. மேல்மண்ணைச் சுரண்டி லாரி லாரியாக அள்ளிப் போய், புது மண் கொட்டி, சிமென்ட் போட்டு மூடினார்கள். குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் மளமளவென்று இறங்கியது. துரைராஜ் அதே ஷெட்டில் ஆட்டோ சீட் கவர் தைக்க ஆரம்பித்தார்.

இப்போது அது மறுபடி ஏறுகிறது.

“நான் திருட்டுத்தனமா அடுப்பு மூட்டறேன்றாங்கம்மா,” என்றார் துரைராஜ். “கராத்தே மாஸ்டர் கன்னியம்மா நேத்து வந்து, ‘அடுத்த தபா வாய் பேசாது, கால்தான் பேசும்’னு சொல்லிட்டுப் போச்சு. நான் ஒரு தப்பும் பண்ணல. இந்த ஷெட்டுலேர்ந்து ஈயம் வெளிய போவுதா இல்லியான்னு நீங்களே பார்த்து ஊருக்குச் சொல்லுங்க.”

ஆஃபியா ஷெட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் பழைய உலையின் புகைபோக்கி இன்னும் நின்றது. அதன் அடிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். உள்ளேயிருந்து கோபமாக ஒரு கீச்சுச் சத்தம்.

“அணில் கூடு. குட்டி போட்டிருக்கு,” என்றாள். “சவுரி, அடுப்பு மூட்டற வீட்ல புகைபோக்கிக்குள்ள யாராவது பிரசவம் பார்ப்பாங்களா?”

“பார்த்தா குட்டிங்கோ சுக்காவாத்தான் வெளிய வரும் மேடம்.”

துரைராஜின் முகம் மலர்ந்தது. சவுரிமுத்து வெற்றிக் களிப்பில் ஓரடி பின்வாங்கினான். கதவுக்கு முட்டாக வைத்திருந்த இரும்பு அச்சில் கால் தடுக்கித் தையல் மெஷின் மேல் போய் விழுந்தான். எழுந்து அந்த அச்சைப் பார்த்தான். செங்கல் அளவு பள்ளம். அடியில் ஏதோ எழுத்து.

“இன்னா எய்தி கீது? சைனீஸா?”

“என் பேருதான் தம்பி. தலைகீழா வெட்டியிருக்கும். ஈயத்த ஊத்தி எடுத்தா கட்டி மேல நேரா வரும்.”

“அண்ணா, உங்க பேர் என் முட்டில நேராவே வந்துடுச்சு,” என்று காலைத் தேய்த்துக்கொண்டான் சவுரிமுத்து.

*

டாக்டர் கனகவல்லியின் இலவச கிளினிக் அங்கிருந்து நடக்கிற தூரம். குழந்தைகளின் விரலில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பவர் அவர்தான். சுவரில் பம்மலின் தெருப்படம். சிவப்பு ஊசி குத்தினால் அந்தக் குழந்தைக்கு ஆபத்து, பச்சை என்றால் பரவாயில்லை.

“பிளட்ல லெட் ஜாஸ்தியாகிட்டே போகுது,” என்றார் டாக்டர்.

“இந்த ஏரியாவுல எல்லாமே லேட்டுதான் மேடம். பஸ்ஸே பாருங்கோ...”

“சவுரி,” என்றாள் ஆஃபியா.

“வெளிய நிக்கறேன்,” என்று அவனே சொன்னான். ஆனால் நிற்கவில்லை.

டாக்டருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. “வயித்து வலி, ரத்த சோகை. நல்லாப் படிச்சுட்டிருந்த பசங்க திடீர்னு மந்தமாகறாங்க. மூளைல ஏறிட்டா முழுசாத் திருப்பி எடுக்க முடியாதுங்க. அதான் பயமா இருக்கு.”

ஆஃபியா படத்தையே பார்த்தாள். “ஷெட்டுக்குப் பக்கத்து வீடெல்லாம் பச்சையா இருக்கே டாக்டர். தூசி என்ன, வாசல்ல இருக்கறவனை விட்டுட்டு நாலு தெரு தள்ளிப் போய்க் கதவைத் தட்டுமா?”

“எனக்கும் அது உறுத்துச்சு. சிவப்புல பாதிப் பேர் கன்னியம்மாவோட கராத்தே கிளாஸுக்குப் போற பசங்க. கிளாஸ் நடக்கற மொட்டை மாடித் தூசியையும் சோதிச்சேன். சுத்தமா இருந்துச்சு. அதோட இந்தப் பாப்பாவைப் பாருங்க.” ஒரு பச்சை ஊசியைக் காட்டினார். “சோயா. இவ அண்ணன் அக்தர்தான் இருக்கறதுலயே அதிகம். ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே கிளாஸ். இவளுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அதனால கிளாஸும் காரணம் இல்லைன்னு விட்டுட்டேன்.”

ஆஃபியா கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். “அத்தனை பேருக்கு ஏன் வந்துச்சுன்னு நீங்க தேடினீங்க. இவளுக்கு ஏன் வரலைன்னு நான் கேட்கிறேன்.”

*

சோயாவுக்கு ஒன்பது வயது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. கேள்வி கேட்க வந்தவர்களையே கேள்வி கேட்கிற ரகம்.

“நீங்க நிஜமாவே டிடெக்டிவா ஆன்ட்டி? அப்ப இந்த அங்கிள் யாரு?”

“நான் ஆக்‌ஷன் சீனுக்கு,” என்றான் சவுரிமுத்து.

அம்மா ஷரீஃபா டீ கொண்டுவந்தாள். கட்டிலில் அக்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தான். “வாய்ப்பாடு தண்ணியா ஓடும் இவனுக்கு,” என்றாள் ஷரீஃபா, குரலைத் தாழ்த்தி. “இப்ப ஏழாம் வாய்ப்பாட்டுலயே நின்னுடறான். கேட்டா அழறான்.” சவுரிமுத்து அந்தப் பையனைப் பார்த்தான், எடுத்து வைத்திருந்த அடுத்த ஜோக்கை விழுங்கிக்கொண்டான்.

ஆஃபியா தரையில் சோயாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “கராத்தே கிளாஸ்ல அண்ணன் செஞ்சு நீ செய்யாதது என்ன?”

“எல்லாம் செய்வேனே. நான்தான் நல்லா உதைப்பேன்.”

“உதைச்சு முடிச்சதும்?”

சோயாவின் கண்கள் ஒரு நொடி அம்மா பக்கம் போய்த் திரும்பின. அந்த ஒரு நொடியே ஆஃபியாவுக்குப் போதுமானதாக இருந்தது.

“அக்கா, கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?” என்று ஷரீஃபாவை உள்ளே அனுப்பினாள். பிறகு குனிந்தாள். “இப்ப சொல்லு. உதைச்சு முடிச்சதும்?”

“மாஸ்டர் ரசம் குடுப்பாங்க,” கிசுகிசுத்தாள் சோயா. “மிளகு ரசம். எனர்ஜி வரும்னு ஆளுக்கு ஒரு டம்ளர். குடிக்கலைன்னா இருபது தண்டால். எனக்குப் புடிக்காது. தண்ணி டேங்க் பின்னாடி போய்க் கொட்டிடுவேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி!”

சவுரிமுத்து எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தான். “பாப்பா, இந்த ஊர்லயே புத்திசாலி நீதான்!”

“சர்க்கரை போட்டுத்தானே குடுத்தேன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் ஷரீஃபா.

*

கன்னியம்மாவின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் திருநீர்மலைக் கோயில் தெளிவாகத் தெரியும். ஆனால் சவுரிமுத்துவுக்கு அப்போது தரை மட்டும்தான் தெரிந்தது. “உங்க ரசத்துல விஷம் கீதுன்னு மேடம் சொல்றாங்க” என்று அவன் வாயைத் திறந்த மறு கணமே, கன்னியம்மா அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் குப்புறக் கிடத்தியிருந்தாள்.

“யார் ரசத்துல விஷம்?”

“மேடம்தான் சொன்னாங்க! மேடம்தான்!”

“அவனை விடுங்க மாஸ்டர், ரசத்துல ஒண்ணும் இல்ல,” என்றாள் ஆஃபியா. “வச்ச பாத்திரத்தைக் கொஞ்சம் காட்டுங்க.”

அடுப்போரத்தில் தொந்தியும் தொப்பையுமாகப் பெரிய ஈயச் சொம்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. கன்னியம்மாவின் முகம் பெருமையில் மின்னியது. “அசல் ஈயம். பல்லாவரத்துல கேஷவ் கடைல வாங்கினேன். எவர்சில்வர்ல வச்சா இந்த மணம் வருமா? நான் சொல்லித்தான் இந்தப் பக்கம் பாதி வூட்டுக்காரங்க வாங்கினாங்க.”

ஆஃபியா சொம்பைத் தூக்கினாள். எதிர்பார்த்ததைவிட அது கனத்தது. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சொம்பின் விளிம்பை அதில் ஒரு இழு இழுத்தாள். பென்சிலால் போட்டது போலக் கருங்கோடு ஒன்று விழுந்தது.

“நாம எல்லாத்தையும் ஈயம்னு ஒரே பேர்ல கூப்பிடறோம் மாஸ்டர். ரசச் சொம்பு செய்ற ஈயம் வெள்ளீயம். அதுல சமைக்கலாம். பேட்டரில இருக்கறது காரீயம். அது விஷம். வெள்ளீயம் தாள்ல இவ்வளவு கருப்பா எழுதாது. புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க, இது கரைஞ்சு ரசத்துல இறங்கும்.”

கன்னியம்மா பிடியை விட்டாள். சவுரிமுத்து தவழ்ந்து தப்பித்து எழுந்தான். வசனம் ஒன்றை யோசித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஓடு உடைக்கிற தன் கைகளை அவள் விரித்துப் பார்த்தாள்.

“குடிக்க மாட்டேன்னு அழுத பசங்களை அதட்டிக் குடிக்க வச்சேனே மேடம்,” என்றாள். “என் கையால ஊத்திக் குடுத்தேனே.”

“நீங்களும்தானே குடிச்சீங்க? உங்களை ஏமாத்தினவன் ஒருத்தன் இருக்கான். வாங்க, போய்ப் பார்ப்போம்.”

*

கேஷவ் சந்தனப் பொட்டும் சிரிப்புமாக வரவேற்றான். கடை முழுக்கப் பித்தளையும் செம்பும் பளபளத்தன. கன்னியம்மாவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். திட்டப்படி சவுரிமுத்து இப்போது கேட்டரிங் முதலாளி.

“கல்யாண ஆர்டர் பிச்சிக்கினு வருது சார். அம்பது ஈயச் சொம்பு வேணும். அசல்தானா?”

“அசலான்னு நீங்களே காதால கேளுங்க.” கேஷவ் மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளையாக மின்னும் ஒரு பட்டையை எடுத்து, சவுரிமுத்துவின் காதருகே வளைத்தான். க்ரீச், க்ரீச் என்று சின்னதாக ஒரு முனகல் கேட்டது. “கேட்டுச்சா? அசல் ஈயம் வளைச்சா அழும். போலி அழாது.”

“ஆஹா!” என்றாள் ஆஃபியா. “அந்தச் சொம்பையும் ஒரு தடவை அழ வையுங்களேன்.”

“சொம்பை எப்படிம்மா வளைக்கறது?”

“நான் வளைக்கறேன் சார்!” என்று சவுரிமுத்து அருகிலிருந்த சொம்பை அணைத்துக்கொண்டான். விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். கேஷவ் தடுப்பதற்குள் அது அப்பளம் மாதிரி மடிந்தது. சொம்பிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. காதை ஒட்டிவைத்துக் கேட்டான். “அழு கண்ணு, அழு... மேடம், இது ரொம்பக் கல்நெஞ்சுக்காரச் சொம்பு.”

கேஷவின் சிரிப்பு கோணியது. “அது... கலப்பு கொஞ்சம் இருக்கும். இதெல்லாம் சகஜம். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது.”

“பண்ணாதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும் இல்லையா?” ஆஃபியா கல்லாவுக்குப் பின்னால் திறந்திருந்த மதியச் சாப்பாட்டு கேரியரைக் காட்டினாள். “வீட்லேர்ந்து ரசம் வந்திருக்கு. கடை நிறைய ஈயச் சொம்பு. உங்க ரசம் மட்டும் ஏன் எவர்சில்வர்ல வந்திருக்கு சார்?”

கேஷவ் வாசலைப் பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு கன்னியம்மா கைகட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால், டாக்டர் கனகவல்லி தகவல் சொல்லி வரவழைத்த அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றது. ஜீப்பைப் பார்த்ததும் கேஷவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரியே இருந்தது.

அதிகாரிகள் முன்பக்கம் சொம்புகளைக் குவித்துக்கொண்டிருக்கும்போது, பின்கட்டிலிருந்து சவுரிமுத்துவின் குரல் வந்தது. “மேடம், இங்க ஒரு செங்கல் கீது. தூக்க முடியல.”

அது செங்கல் இல்லை. சாக்கை மூடி அடுக்கி வைத்திருந்த காரீயக் கட்டி. ஆஃபியா அதைத் திருப்பி, மேலே படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

எழுத்து இப்போது நேராக இருந்தது.

துரைராஜ்.

சவுரிமுத்துவுக்கு முட்டி மறுபடி வலித்தது. “மேடம்... நம்ம கட்சிக்காரரு.”

*

துரைராஜ் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்து ஆவலாக வந்தார். “என்னம்மா, என் பேரு தப்பிச்சுதா?”

ஆஃபியா தையல் மேஜை மீது அந்தக் கட்டியை வைத்தாள். மேஜை முனகியது.

அவர் அதைத் தொடவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

“கேஷவ் மீன் வலைக்கு ஈயக் குண்டு வார்க்கறேன்னான்,” என்றார் கடைசியில். “மண்ணை அள்ள வந்தவங்க, கையில இருக்கற ஈயத்தையும் ஒப்படைச்சுடுன்னாங்க. எனக்கு மனசு வரல. உழைச்சு வார்த்ததாச்சேன்னு பின்னாடி ரூம்ல ஒளிச்சு வச்சேன். கேஷவ் லோடு ஆட்டோ அனுப்பினான். ஏத்தி வுட்டுட்டேன். எங்க போவுது, நெசமாவே வலைக்குத்தான் போவுதான்னு நான் ஒரு வார்த்தை கேட்கல.”

“நீங்க அடுப்பு மூட்டல. அதை ஊருக்குச் சொல்வேன்,” என்றாள் ஆஃபியா. “ஆனா ஷெட்டுலேர்ந்து ஈயம் வெளிய போகுதான்னு கேட்டீங்க. போயிருக்கு அண்ணா. காத்துல போகல, ஆட்டோவுல போயிருக்கு. அதையும் சொல்லித்தான் ஆகணும்.”

அவர் தலையை ஆட்டினார். “எந்தப் புள்ளைக்கு ரொம்ப ஜாஸ்தி?”

“அக்தர்னு ஒரு பையன்.”

“ஷரீஃபா வூட்டுப் புள்ளை,” என்றார் துரைராஜ். “அவங்க ஆட்டோவுக்கு நான்தான் சீட் தைச்சுக் குடுத்தேன்.” சவுரிமுத்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்மல் தெருக்களில் ஒரு லோடு ஆட்டோ ஊர்ந்தது. ஓட்டியது சவுரிமுத்து. மைக் பிடித்ததும் அவன்தான், கேட்காமலே பிடித்துக்கொண்டான்.

“தாய்மார்களே! ரசச் சொம்பு, ரசச் சொம்பு! வூட்ல கீற ஈயச் சொம்பைக் கொண்டாந்து குடுத்துட்டு, துரைராஜ் அண்ணன் செலவுல எவர்சில்வர் வாங்கிக்கினு போங்கோ! மாமியாருக்குத் தனியா வச்சிருந்தாலும் குடுத்துடுங்கோ!”

ஆட்டோவுக்கு முன்னால் துரைராஜ் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் ஈயம்தான், நான் விற்றதுதான் என்று அவரே சொன்னார். சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கதவு திறக்காத இடங்களில் கன்னியம்மா போய் நின்றாள், அவளுக்குத் திறந்தார்கள். டாக்டர் தாளில் கோடு இழுத்துப் பார்க்காமல் கையடக்க மெஷினையே வைத்து ஒவ்வொரு சொம்பாகப் பார்த்தார். வெள்ளீயம் என்று தேறியவற்றைத் திருப்பிக் கொடுத்தார்.

ஷரீஃபா வீட்டு வாசலில் துரைராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஷரீஃபா உள்ளே போய் ஒரு சின்னச் சொம்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“இதுலதான் அவனுக்குத் தனியா ரசம் வச்சுக் குடுத்தேன், வயித்து வலிக்கு நல்லதுன்னு,” என்றாள். “டாக்டர் சொல்றாங்க, நிறுத்திட்டா மெதுவா இறங்குமாம். மருந்தும் தர்றாங்க. இறங்கட்டும். அப்புறம் உங்ககிட்ட பேசறேன் அண்ணா. இப்ப பேச வரல.”

சாயங்காலத்துக்குள் ஆட்டோ நிறைந்துவிட்டது. கேஷவ் கடையிலிருந்து பறிமுதல் செய்த கட்டிகளும் மேலே ஏறின. எல்லாம் ஊரைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கும் லைசென்ஸ் பெற்ற ஆலைக்குப் போக வேண்டும். அதிகாரி முன்னால் ஜீப்பில் காத்திருந்தார்.

சவுரிமுத்து சாவியைத் திருகும்போது, பின்னால் ஆட்டோ ஒரு ஆட்டம் ஆடியது. எட்டிப் பார்த்தான். துரைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொம்புக் குவியலுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, அங்க குத்தும்! முன்னாடி சீட் காலியாத்தானே கீது? மேடம் கூட ஜீப்ல வர்றேன்ட்டாங்க.”

“நீ ஓட்டு தம்பி.”

“ரொம்ப தூரம் அண்ணா. போய்ச் சேர நடுராத்திரி ஆவும். நாங்கதான் போறோமே, உனக்கு எதுக்கு?”

துரைராஜ் சரிந்துகொண்டிருந்த ஒரு சொம்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“போன தபா நான் கூடப் போவல,” என்றார். “இந்த தபா போறேன்.”

சவுரிமுத்து மைக்கை அணைத்தான். கியரைப் போட்டான்.